பாலைவனச் சமூகத்தில் செவிலியர் வேலை: ஒரு வருடம் போய் வரலாமா?

கேள்வி: 4 மே 2024, காலை

நானும் என் கணவரும் மெல்பர்னில் வசிக்கிறோம். நான் பதிவுபெற்ற செவிலியர், அவர் எலக்ட்ரீஷியன். மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வடமேற்கே சில மணிநேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் மருத்துவ நிலையத்தில் எனக்கு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. சம்பளம் அதிகம், வீடும் தருகிறார்கள். ஒரு வருடம் இருந்து கொஞ்சம் சேமித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது எங்கள் திட்டம். இன்னொரு சந்தேகமும் உண்டு. வேலையோ வசதியோ இல்லாத வறண்ட இடத்தில் அம்மக்கள் ஏன் பிடிவாதமாக வாழ வேண்டும்? நகரத்துக்கு வந்துவிட்டால் மருத்துவமனை, பள்ளி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்குமே?

பதில்: 4 மே 2024, இரவு

இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அம்மக்கள் ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்பது விளங்காமல் வேலைக்குப் போகும் செவிலியர் முதல் கோடையிலேயே மனம் சலித்துத் திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே போகும் தானாமி சாலைப் பக்கத்தில் வார்ல்பிரி மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் செவிலியராக இருந்தேன். ஊரின் பெயரை எழுத மாட்டேன். சில நூறு பேர் வாழும் இடத்தில் ஒரு நோயைப் பற்றிச் சொன்னாலே அது யாருடைய நோய் என்று தெரிந்துவிடும்.

இடம்பெயர்ந்து வரச் சொல்லும் யோசனை புதிதன்று. அரசாங்கம் அதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறது. 1928-இல் கோனிஸ்டன் பகுதியில் டிங்கோ என்னும் காட்டுநாய்களைப் பிடிக்கும் வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட காவல் குழு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நீர்நிலைகளைத் தேடித் தேடிச் சென்று மக்களைச் சுட்டது. அரசு விசாரணை ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 31; அந்தக் கொலைகள் நியாயமானவை என்றும் அதே விசாரணை தீர்ப்புச் சொன்னது. குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். தப்பியவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். 1946-இல் யூவெண்டுமு என்ற குடியிருப்பை அரசாங்கம் நிறுவி, உணவுப் பங்கீடு கொடுத்து மக்களை அங்கே சேர்த்தது. சில ஆண்டுகளிலேயே அங்கு நெரிசல் மிகுந்துவிட்டதென்று ஒரு பகுதியினரை லாரிகளில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் வடக்கே, குரிண்ட்ஜி மக்களின் நிலத்தில் இருந்த ஹூக்கர் கிரீக்குக்குக் கொண்டுபோய் இறக்கியது. இன்று அதன் பெயர் லஜமானு. இறக்கப்பட்டவர்கள் பாலைவனத்தின் ஊடாகத் தங்கள் நிலத்துக்கு நடந்தே திரும்பினார்கள். மறுபடியும் ஏற்றிச் செல்லப்பட்டார்கள், மறுபடியும் நடந்தார்கள்.

மேற்கே பின்டுபி மக்களின் கதையும் இதுவே. அவர்கள் பப்புன்யா குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே நோயாலும் மனமுறிவாலும் பலரை இழந்து, 1981-இல் தாங்களாகவே புறப்பட்டுத் தங்கள் நிலத்தில் கின்டோர் என்ற ஊரை அமைத்துக்கொண்டார்கள். நீங்கள் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அதே சொல்லை எழுதுவீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

5 மே 2024

வரலாறு இருக்கட்டும், இன்று அதற்கு ஆகும் வரிப்பணத்துக்கு என்ன பதில் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2015 மார்ச்சில் அப்போதைய பிரதமர் டோனி அபாட் ஏறக்குறைய இதையே சொன்னார்: தொலைதூரத்தில் வாழ்வது அவர்கள் விரும்பித் தேர்ந்த வாழ்க்கைமுறை, அதற்கு முடிவின்றிப் பொதுப்பணம் தர முடியாது என்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்த 274 சமூகங்களில் 150 வரை மூடப்படலாம் என்று பேச்சு எழுந்த நேரம் அது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது.

அந்தப் பேச்சில் பலர் கவனிக்காத ஒரு சான்று இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் உட்டோப்பியா என்ற பகுதி இருக்கிறது. அங்கே மக்கள் ஒரே ஊராகக் குவியாமல், தங்கள் தங்கள் நிலங்களில் சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரிந்து வாழ்கிறார்கள். பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியானது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் உட்டோப்பியாவும் அடங்கிய நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியின் மற்றப் பூர்வகுடியினரைவிட அவர்களிடையே இறப்பு விகிதம், குறிப்பாக இதயநோய் இறப்பு, கணிசமாகக் குறைவாக இருந்தது. வருமானத்திலோ வீட்டு வசதியிலோ அவர்கள் மேலானவர்கள் அல்லர். நிலத்தோடு ஒட்டிய வாழ்க்கை, உடலுழைப்பு, வேட்டை உணவு, மது எளிதில் கிடைக்காமை, மக்களே நடத்தும் மருத்துவச் சேவை ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள்.

நகரத்தில் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் என்பது மெய்தான். ஆனால் பாலைவனத்திலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வருபவருக்கு அங்கே காத்திருப்பது பெரும்பாலும் நகர ஓரத்து முகாமில் உறவினரின் நெரிசலான வீடு. அங்கே அவர் அர்ரெர்ன்டே மக்களின் நிலத்தில் வாழும் அந்நியர். தம் நிலத்தில் சடங்குக்கும் பேச்சுக்கும் உரிமையுள்ள முதியவர், அங்கே மருத்துவமனை வாசலில் டாக்சிக்குக் காத்திருக்கும் பெயரற்றவராகிவிடுகிறார்.

8 மே 2024

இனி வேலையைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் சேரப்போகும் நிலையத்தில் பெரும்பாலும் மருத்துவர் நிரந்தரமாக இருக்க மாட்டார். அவர் தொலைபேசியில் இருப்பார், அல்லது குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார். மார்புவலி, பிரசவம், குழந்தையின் மூச்சுத்திணறல், நாய்க்கடி எதுவானாலும் முதலில் தொடுவது உங்கள் கை. மத்திய ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பணியாளர்களுக்கென்றே எழுதப்பட்ட கார்ப்பா சிகிச்சைக் கையேட்டைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். முதல் மாதங்களில் அது உங்கள் மேசையைவிட்டு அகலாது.

நிலைமை மோசமானால் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் வரும். 1928-இல் ஜான் ஃப்ளின் தொடங்கிவைத்த சேவை அது. இரவில் விமானம் இறங்க வேண்டுமென்றால் ஓடுபாதையின் விளக்குகளை எரியவிட்டு, வண்டியில் அதன் இரு முனைகளுக்கும் ஓட்டிச்சென்று, கங்காரு, குதிரை, மாடு எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு பக்கம் நோயாளியின் இரத்த அழுத்தம், மறுபக்கம் ஓடுபாதையில் மேயும் குதிரை என்று இரண்டையும் ஒரே இரவில் கவனிக்கும் பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த அவசர வேலை மொத்த வேலையில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, யாருக்கு எப்போது என்ன மருந்து தர வேண்டும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஆள் தேடுவது. ருமாட்டிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையையோ தோலையோ தாக்கிய பிறகு உடல் தன் இதய வால்வுகளையே தாக்கத் தொடங்கும் நோய் அது. நெரிசலான வீடுகளில் பரவும் இந்நோய் ஆஸ்திரேலிய நகரங்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது; இங்கே பள்ளிச் சிறுவர்களுக்கு இருக்கிறது. இந்திய மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற நமக்கு, பழுதுபட்ட வால்விலிருந்து கேட்கும் அந்த இதய முணுமுணுப்பு பழக்கமான ஒலி. சிட்னியில் படித்து வந்த சக செவிலியர்கள் பலர் அதைப் பாடநூலில் மட்டுமே சந்தித்திருந்தார்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வராமல் தடுக்க, 28 நாட்களுக்கு ஒருமுறை பென்சத்தின் பென்சிலின் ஊசி போட வேண்டும். பலருக்கு 21 வயது வரை. சிலருக்கு அதையும் தாண்டி. குழம்புபோன்ற கெட்டி மருந்து. போடும்போது கடுமையாக வலிக்கும். கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனிடம், காய்ச்சலும் இல்லை வலியும் இல்லை என்று அவன் மகிழ்ந்திருக்கும் நாளில், வலிக்கும் ஊசிக்கு வா என்று சொல்ல வேண்டும். அதுவும் மாதந்தோறும். நான் சொன்னால் அவன் வேலியைத் தாண்டி ஓடுவான். எங்கள் நிலையத்தின் மூத்த பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரான அம்மையார் சொன்னால் தலையைக் குனிந்தபடி வண்டியில் ஏறுவான். அவர் அவனுக்குப் பாட்டி முறை. அந்த ஊரில் எத்தனை இதயங்களை அவருடைய குரல் காத்திருக்கிறது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வீடு தேடிப்போகும் முறையையும் அவரே எனக்குக் கற்றுத்தந்தார். வண்டியை முற்றத்துக்கு வெளியே, தள்ளியே நிறுத்த வேண்டும். இறங்கிப்போய்க் கதவைத் தட்டக் கூடாது. அங்கிருப்பவர்கள் நம்மைப் பார்த்தாகிவிட்டது. வர விரும்பினால் ஒருவர் எழுந்து வருவார். அதுவரை காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. அந்த மௌனத்தை நாம் அடுத்த கேள்வியால் நிரப்பிவிட்டால் பதில் வரவே வராது.

10 மே 2024

பயமாக இருக்காதா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். இரவு அழைப்புக்கு எக்காரணம் கொண்டும் தனியாகப் போகாதீர்கள். 2016-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊர் ஒன்றில் இரவு நேரத்தில் ஒரு செவிலியர் கொல்லப்பட்டார். அதன் பின்னரே அந்த மாநிலத்தில், அழைப்புக்குச் செல்லும்போது இரண்டாவது ஆள் உடன் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாம்பைவிட நாய்களைப் பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றை ஊரார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

12 மே 2024

மேலே ஒருவர், அம்மக்கள் குமரிக்கண்டத்திலிருந்து போன தமிழர்கள் என்றும், உறவுமுறையே அதற்குச் சான்று என்றும் எழுதியிருக்கிறார். உறவுமுறையில் உள்ள ஒற்றுமை உண்மை. அவர் எடுக்கும் முடிவு தவறு. இரண்டையும் பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் முதலாவது உங்கள் அன்றாட வேலைக்குத் தேவைப்படும்.

வார்ல்பிரி சமூகத்தில் எட்டு உறவுப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆணுக்கொரு பெயர், பெண்ணுக்கொரு பெயர். ஊரில் சில காலம் தங்கும் வெளியாளையும் ஏதாவதொரு பிரிவில் சேர்த்துவிடுவார்கள். உறவு இன்னதென்று தெரியாத மனிதரோடு எப்படிப் பழகுவது என்பது அவர்களுக்கு உண்மையிலேயே சிக்கல். என்னை நுங்கராயி ஆக்கினார்கள். அந்த மூத்த பணியாளரும் நுங்கராயி. ஆகவே அவர் எனக்கு அக்கா. ஜாங்கலா ஆண்கள் எனக்குக் கணவர் முறை. நம்பிஜின்பா பெண்கள் என் மகள்கள்; அவர்களை மணக்கத் தக்க ஜபங்கார்டி ஆண்கள் என் மருமகன்கள். மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதையும் பேசுவதையும் தவிர்க்க வேண்டும் என்பது அங்கே மிகக் கடுமையான மரியாதை.

இதை மெல்பர்ன் நண்பர்களுக்கு விளக்கும்போது தாள் எடுத்துப் படம் வரைய வேண்டியிருந்தது. மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் இடையிலேயே புரிந்துகொண்டார். சித்தப்பா மகன் தம்பி, பெரியம்மா மகள் அக்கா, மாமன் மகள் முறைப்பெண் என்று வளர்ந்தவர்களுக்கு, அப்பாவின் சகோதரர்கள் எல்லோரும் அப்பாக்கள், அம்மாவின் சகோதரிகள் எல்லோரும் அம்மாக்கள் என்ற கணக்கு விந்தையாகத் தெரிவதில்லை. மானிடவியலாளர்கள் திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உறவுமுறைகளையும் நெடுங்காலமாக அருகருகே வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். வேறுபாடுகளும் உண்டு: வார்ல்பிரி முறையில் நேரடி மாமன் மகளைவிட, இன்னும் ஒரு படி தள்ளிய முறைப்பெண்ணே, அதாவது அம்மாவின் தாய்மாமனுடைய மகளின் மகளே, விரும்பத்தக்க மணமகள்.

ஆனால் இதைக்கொண்டு இனத்தொடர்பு பேச முடியாது. உறவை இப்படி எண்ணும் மக்கள் உலகின் பல மூலைகளில் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்திருக்கிறார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-இல், தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம்களை முழுமையாக வாசித்த ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மக்கள் தாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர், அந்த நிலத்தோடேயே தோன்றியவர்கள் என்று சொல்கிறார்கள். தங்கள் நிலத்துக்காக இத்தனை இழந்தவர்களிடம் போய் நீங்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்வதை என் மனம் ஏற்கவில்லை.

மருத்துவ நிலையத்தில் இதன் பயன் வேறு. ஜபங்கார்டி ஒருவர் வந்து, என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால், அது கோபமும் அன்று, மனநோயும் அன்று. வெளியாளான என்னிடம் ஊரார் இந்த ஒழுங்கைக் கண்டிப்பாக எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நானே பின்னறைக்குப் போய், வேறொருவரை அனுப்பினால் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. ஆண்களுக்குரிய சிகிச்சையை ஆணும் பெண்களுக்குரியதைப் பெண்ணும் செய்ய வேண்டும் என்பதும் அப்படித்தான்.

13 மே 2024

ஒன்று விடுபட்டுவிட்டது. ஊரில் ஒருவர் இறந்தால் அவர் பெயரை நெடுங்காலம் உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயருள்ள மற்றவர்களையும் குமன்ஜயி என்று அழைப்பார்கள். காத்திருப்பு அறையில் நீங்கள் நோயாளியின் பெயரை உரக்கக் கூப்பிடும் முன், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துக்கக் காலத்தில் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வேறு ஊர்களில் முகாமிடும். ஊசிப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். பக்கத்து ஊர் நிலையங்களின் தொலைபேசி எண்கள் அப்போதுதான் உங்களுக்கு உதவும்.

15 மே 2024

சிறுநீரக நோயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் அறிந்த மிகத் தெளிவான பதில் அதில்தான் இருக்கிறது.

டயாலிசிஸ் தேவைப்படுபவர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணிநேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். இயந்திரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்தது. ஆகவே பாலைவனத்தின் முதியவர்கள், சடங்கும் பாட்டும் நிலத்தின் கதைகளும் அறிந்தவர்கள், சாகும்வரை நகரத்தில் இருக்கும்படி ஆயிற்று. சிலர் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் இறப்பதைத் தேர்ந்தார்கள். ஊரில் இயந்திரம் வைக்கக் கேட்டபோது அது முடியாத காரியம் என்ற பதிலே வந்தது. பின்டுபி மக்கள் தாங்களே வழிகண்டார்கள். கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஓவியர்கள் கூட்டாகப் பெரிய ஓவியங்களை வரைந்து, 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஏலத்துக்கு விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. 2004-இல் கின்டோரில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், டயாலிசிஸ் தொடங்கியது. இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்த அமைப்பு பல பாலைவன ஊர்களில் இயந்திரங்களை நடத்துகிறது; லாரி ஒன்றிலும் டயாலிசிஸ் இயந்திரங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. 2018 நவம்பரில்தான் அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதற்கெனத் தனிக் கட்டணப் பிரிவை உருவாக்கியது.

முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தங்கள் ஓவியத்தை விற்றுச் செய்துகாட்டிய மக்கள் இவர்கள். வரிப்பணக் கணக்கு கேட்டவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

16 மே 2024

குடியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். நான் இருந்த ஊரில் மது தடைசெய்யப்பட்டிருந்தது. பாலைவனச் சமூகங்களில் பெரும்பாலானவை அப்படித்தான், பல இடங்களில் மக்களே கேட்டு வாங்கிய தடை அது. ஊரில் நான் பார்த்த துயரங்களில் மதுவுக்குப் பங்கு உண்டு. அது பெரும்பாலும் நகரத்திலும் சாலையோர விடுதிகளிலும் தொடங்கி, திரும்பும் வழியில் வாகன விபத்தாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

1990-களில் யூவெண்டுமுவில் இளைஞர்கள் பெட்ரோலை முகர்ந்து போதையேறும் பழக்கம் ஊரையே உலுக்கியது. 1994-இல் மூத்தவர்கள், அந்தப் பிள்ளைகளைச் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மவுன்ட் தியோ என்ற தங்கள் நிலத்துக்கு அழைத்துப்போய், வேட்டையும் கதையுமாகத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு இரவும் பகலும் விளையாட்டும் வேலையும் ஏற்பாடு செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பழக்கம் யூவெண்டுமுவில் ஏறக்குறைய ஒழிந்தது. முகர்ந்தால் போதை தராத ஓபல் பெட்ரோலை பிபி நிறுவனம் கொண்டுவந்தது அதற்குப் பின்பு, 2005-இல்.

2007 ஜூனில் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு அவசரநிலைத் தலையீடு என்று அறிவித்து, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்து, ராணுவத்தினரின் துணையோடு ஊர்களுக்குள் நுழைந்தது. மக்கள் தாங்கள் பெறும் உதவித்தொகையில் பாதியை, அரசு வரையறுத்த பொருள்களுக்கு மட்டுமே செலவிட முடியும் என்றாக்கியது. தங்கள் பிள்ளைகளைத் தாங்களே மீட்டெடுத்த மூதாட்டிகளும் அதே விதிக்கு உட்பட்டார்கள். அந்த அவமானத்தை அவர்கள் என்னிடம் குரல் உயர்த்தாமல் சொன்னார்கள்.

19 மே 2024

இது உங்கள் கணவருக்காக. அவர் எலக்ட்ரீஷியன் என்றால், மருத்துவ நிலையத்தில் நீங்கள் செய்யப்போவதைவிட அதிக நோயைத் தடுக்க அவரால் முடியும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

1987-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜரா மக்களின் நிலத்தில், அவர்களுடைய சுகாதார அமைப்பான ங்கனம்பா சுகாதாரக் குழு, ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சூழல் சுகாதார அலுவலர் ஆகியோரைக் கொண்டு வீடுகளை ஆராய்ந்தது. மருந்துகளுக்கு முன்னால் எதைச் சரிசெய்தால் குழந்தைகள் நோயுறாமல் இருப்பார்கள் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒன்பது அன்றாடச் செயல்களை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது குளித்தல், குறிப்பாகச் சிறு குழந்தைகளைத் தினமும் குளிப்பாட்டுதல். இரண்டாவது துணியும் படுக்கையும் துவைத்தல். அதற்கு ஷவர் வேலை செய்ய வேண்டும், வெந்நீர் வர வேண்டும், கழிவுநீர் வெளியேற வேண்டும். அந்த ஆய்விலிருந்து வளர்ந்த திட்டம் பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்துச் சரிசெய்தது. பழுதுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே குடியிருப்பவர்களின் தவறான பயன்பாட்டால் வந்தது. பெரும்பங்கு பராமரிப்பு இல்லாமை. மீதி, கட்டும்போதே சரியாகச் செய்யாதது.

நான் பார்த்ததும் அதுவே. மத்திய ஆஸ்திரேலியாவின் நிலத்தடி நீர் மிகக் கடினமானது. சுண்ணாம்பு படிந்து வெந்நீர்க் கலமும் குழாயும் விரைவில் கெடும். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழும்போது ஒரு ஷவர் கெட்டால், அடுத்த சில வாரங்களில் எனக்குச் சிரங்கும் தோல் புண்ணும் வரும். அதன் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வரும். பழுது நீக்குபவர் நகரத்திலிருந்து வர வேண்டும். மின்சாரம் முன்பணம் செலுத்தும் மீட்டரில் ஓடுகிறது; பணம் தீர்ந்தால் நின்றுவிடும். நாற்பது டிகிரி வெயிலில் மின்சாரம் நின்ற வீட்டில் சர்க்கரை நோயாளியின் இன்சுலின் கெட்டுப்போவதைக் கண்டால், உங்கள் கணவருக்குத் தம் தொழிலின் மீது புதிய மதிப்பு உண்டாகும். உள்ளூர் இளைஞர் இருவருக்கு அவர் அந்த வேலையைக் கற்றுத்தர முடிந்தால் இன்னும் நல்லது.

23 மே 2024

இனி ஒரு வருடத் திட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் முதலிலிருந்தே சொல்ல நினைத்தேன்.

நார்தர்ன் டெரிட்டரி அரசின் 53 தொலைதூர நிலையங்களை 2013 முதல் 2015 வரை ஆராய்ந்தவர்கள், பணியாளர் மாறும் விகிதம் ஆண்டுக்கு நூறு சதவீதத்தையும் வெகுவாகத் தாண்டியிருந்ததைக் கண்டார்கள். ஓர் ஆண்டுக்குள் ஒரே இருக்கையில் ஒருவர், இன்னொருவர், மற்றொருவர். இதை நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஐம்பது வயதுப் பெண் தன் உடலின் அந்தரங்கத்தை ஒரு செவிலியரிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அடுத்த மாதம் போனால் அங்கே வேறு முகம். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில முறைக்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிடுகிறார். பின்னர் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே ஒத்துழைக்காதவர் என்று எழுதப்படுகிறது.

என் அக்கா முறையான அந்தப் பணியாளர் தம் வாழ்நாளில் எத்தனை செவிலியர்களுக்கு வண்டியை எங்கே நிறுத்துவதென்று கற்றுத்தந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் புதிய ஆர்வத்தோடு வந்து, புதிய பட்டியல் போட்டு, சுவரில் புதிய அட்டவணை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர் அங்கேயே இருந்தார். அவருக்குச் சம்பளம் குறைவு. வந்து போகும் எங்களுக்குத் தரப்பட்ட வீடு அவருக்குத் தரப்படவில்லை, அவர் உள்ளூர்வாசி என்பதால். இந்த அநீதியை நான் இருந்த காலம் முழுவதும் கண்ணெதிரே கண்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்களைத் தேசிய அளவில் மருத்துவத் தொழிலராகப் பதிவு செய்யும் முறை 2012-இல் வந்தது. அது நல்லதுதான், ஆனால் ஆங்கிலத் தேர்வுகளும் படிவங்களும் கூடியதால் பழைய அனுபவசாலிகள் சிலர் ஒதுங்கினார்கள்.

2019 நவம்பரில் யூவெண்டுமுவில் 19 வயது வார்ல்பிரி இளைஞர் ஒருவர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். செவிலியர்களின் குடியிருப்புகளில் திருட்டு முயற்சிகள் நடந்ததால் அன்று மருத்துவப் பணியாளர்கள் ஊரைவிட்டு வெளியேறியிருந்தார்கள்; குண்டடிபட்டவருக்கு ஊர் நிலையத்தில் சிகிச்சை தர யாரும் இல்லை. அச்சத்தோடு வெளியேறிய செவிலியர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் வெளியாட்கள் புறப்பட்டதும் நிலையமே பூட்டப்படும் நிலை ஏன் இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிடவும் முடியவில்லை. சுட்ட காவலரை 2022 மார்ச்சில் நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஊரில் துப்பாக்கி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

25 மே 2024

நேற்றெல்லாம் யோசித்தேன். அப்படியானால் குறுகிய காலத்துக்கு வருபவர்கள் வரவே வேண்டாமா என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. என் கருத்து அவ்வளவு கடுமையானது அன்று. ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும், ஆனால் ஆண்டுதோறும் அதே ஊருக்கே வரும் செவிலியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். குழந்தைகளின் பெயர்கள் அவருக்குத் தெரியும். யார் யாருக்கு மருமகன் என்றும் தெரியும். அவர் வண்டி வந்து நிற்கும் நாளில் பெண்கள் எழுந்து சிரித்துக்கொண்டே போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். மூன்று மாதத்துக்கொரு புது ஊரென்று சுற்றுபவரைவிட அவர் செய்தது பல மடங்கு அதிகம். ஆகவே கால அளவைவிட, அதே இடத்துக்குத் திரும்பி வருவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

2 ஜூன் 2024

நேர்காணலுக்கு அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அவர்கள் உங்களைக் கேட்பதற்கு முன் நீங்கள் அவர்களைக் கேளுங்கள். நிலையத்தில் இப்போது எத்தனை உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், உங்களுக்கு ஊரைப் பழக்கிவைக்க அவர்களுக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, இரவு அழைப்புக்கு இரண்டாவது ஆளாக வருபவர் யார், கடைசியாக அந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி அது அம்மக்களுக்குச் சொந்தமான நிலம். உள்ளே செல்ல அனுமதி வேண்டும். பூர்வகுடி நில உரிமையாளர்களின் அமைப்பான மத்திய நில மன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியதை உங்கள் நிறுவனம் பார்த்துக்கொள்ளும், கணவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். வண்டியில் இரண்டு உபரி டயர், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது பத்து லிட்டர் வீதம் சில நாளுக்கான குடிநீர், சாட்டிலைட் போன். ஜூனில் பகல் இதமாக இருக்கும். இரவில் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே போகும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் மசாலாவும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே வாங்கிவிடுங்கள். ஊர்க் கடையில் விலை நகரத்தைவிட வெகு அதிகம், காய்கறி லாரி வரும் நாளில் மட்டும் புதிதாக இருக்கும்.

ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுப் பாருங்கள். சேர்ந்த பிறகு எந்த ஊர் என்பதைப் பொதுவில் எழுதாமல் தனிச்செய்தியில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அங்கே இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.